சுத்தபோசன வெள்ளி

ரங்கூனுக்கு எதிர்க்கரையில், டாலா படகுத்துறையில் பகல் இரண்டு மணிப் படகு வந்து நின்றபோது, இறங்கிய கூட்டத்தில் தன் கணவர் எவர் என்று மக்தலேனாவுக்கு உடனே தெரியவில்லை. பதினான்கு மாதம் கழித்து வருகிறார். போகும்போது லோன்ஜி முடிச்சுக்கு மேல் தொந்தி எட்டிப் பார்க்கும். இப்போது போட்டிருந்த கால்சட்டையில் இன்னொரு ஏசுரத்தினத்தையும் சேர்த்து நிறுத்தலாம். எல்லாரும் இறங்கிய பிறகு கடைசி ஆளாக இறங்கினார். பலகைப் பாலத்தைக் கடக்கும்போது கண்களை மூடிக்கொண்டு, கைப்பிடிக் கயிற்றைத் தடவித் தடவி வந்தார். பங்குனி வெயில் கண்ணைக் கூச வைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகள் இராஜகுமாரி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண். அப்பாவின் அக்குளில் இடுக்கியிருந்த பிஸ்கட் தகரத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் சட்டென்று விலகினார்.

"வேணாம் ராஜி. அதை அப்பாவே தூக்குறேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, ஏப்ரல் மாதம். ரங்கூனில் ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஏசுரத்தினம் காங்கோ நாட்டில், ஐ.நா. படையின் சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு அன்று காலைதான் மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கியிருந்தார். மூன்று பேரும் ஒரே சைக்கா ரிக்‌ஷாவில் நெருக்கி உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

வீடு பழையது. அரிசி மில் முதலாளி தன் மேலாளருக்காகக் கட்டியது; மில் யுத்தத்தில் எரிந்துபோக, வீடு மட்டும் தேக்குக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் ஓடை. ஆற்றில் ஏற்றம் வந்தால் ஓடைத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் வந்து சளசளக்கும், வற்றம் வந்தால் சேறு மட்டும் பளபளவென்று கிடக்கும். பேய் வீடு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. கரையான் உண்டு, கோடையில் உடும்பு வரும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஓடைப்பக்க ஜன்னலைச் சாத்தியது. அடுத்து, குடிதண்ணீர்ச் சாடியின் மேல் மூடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். குளிக்கச் சொன்னதற்கு அப்புறம் என்றார். வடக்கே, மழையில்லாத வறண்ட சீமைக்குப் போகிற ரயில் எப்போது என்று கேட்டார்.

"வந்த காலோட எங்கேங்க போறீங்க? நாளையிலேருந்து திஞ்ஜான். பர்மாக்காரங்க தண்ணி ஊத்தி முடியற வரைக்கும் டிக்கெட் குடுக்க மாட்டாங்க."

"திங்கக்கிழமை வரைக்குமா?"

"செவ்வாய்னு வச்சுக்குங்க."

அவர் முகம் விழுந்தது. எழுந்து, அலமாரியின் மேல், திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தகரத்தை வைத்தார். படத்துக்கு முன்னால் இருந்த பூச்சாடியில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்து வாசலில் கொட்டிவிட்டு வந்தார்.

"பாஸ்கா வரைக்கும் இதை யாரும் தொட வேணாம், மகுதா."

"என்னங்க அது?"

"ஆத்துல கெடைச்சது."

"மீனா?"

"மீன் இல்ல. கேக்காத. அதைப் பத்திப் பேசக்கூடாது."

மக்தலேனா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். மனிதர் மாறவே இல்லை. தபசுகாலம் நாற்பது நாளும் மாமிசத்தின் பேரைக்கூட வாயில் எடுக்காதவர். காங்கோவிலிருந்து ஏதோ உப்புக்கண்டம் கொண்டுவந்து, பாஸ்கா பண்டிகைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார், அதுவரை பிள்ளை ஆசைப்படக் கூடாதென்று பேச்சையே தடுக்கிறார் என்று அவளே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். இந்த ஒரு முடிவுதான் பின்னால் எல்லாவற்றையும் முடித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வடக்கே போகும் லாரி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க அவர் விடிந்ததும் படகேறி ரங்கூனுக்குப் போய்விட்டார். தகரத்தை அலமாரிக்கு மேலேயே விட்டுப் போனார். வெளியே தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றும் நாளில் அதைக் கையில் எடுத்துப் போக அவருக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் கத்தோலிக்க வீட்டில் சுத்தபோசனம், மாமிசம் கூடாது. அதற்கு மேல் மக்தலேனா ஒருசந்தியும் பிடித்திருந்தாள். கணவர் பத்திரமாகத் திரும்பி வந்தால் அந்த வெள்ளி முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று நேர்ந்திருந்தாள். தனக்கு இல்லாவிட்டாலும் வந்தவருக்குச் சோறு போட வேண்டுமே. திருவிழா முதல் நாள். கடைத்தெரு மூடியிருந்தது, மீன்காரிகள் யாரும் வரவில்லை. வீட்டில் அரிசி இருந்தது, ஒரு கரண்டி ஙாப்பி இருந்தது. பதினான்கு மாதம் கழித்து வந்த புருஷனுக்கு அந்த நாற்ற மீன் விழுதைக் கரைத்துச் சோறு போடுவதா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் தகரத்தின் ஞாபகம் வந்தது. ஆற்றில் கிடைத்தது என்றாரே. தண்ணீரில் வாழ்வது மாமிசமில்லை; ஆமை, நண்டு, நத்தை எல்லாம் வெள்ளிக்கிழமை சாப்பிடலாம் என்று உபதேசியார் ஒருமுறை கோயிலில் வைத்தே சொல்லியிருக்கிறார். இந்த மனிதர் அது தெரியாமல் பாஸ்கா வரை காத்திருக்கப் பார்க்கிறார். பாவம், சாயங்காலம் வந்ததும் தட்டில் வைத்து அசத்திவிடலாம்.

தகரத்தைத் திறந்தாள். மரப்பட்டைத் துணியில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுத்த துண்டு. கல்லைப் போலக் காய்ந்திருந்தது. கருவாட்டை ஊறவைப்பதுபோல ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் போட்டாள்.

பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசா தன் வாத்துகளைத் தேடிக்கொண்டு வந்தவள், அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது, மழ பெஞ்ச சேறு மாதிரி வாடை?"

"அவர் கொண்டாந்தது. தண்ணியில உள்ளதுதான். உனக்கும் ஒரு கிண்ணம் தரேன்."

ஹமீதுன்னிசா தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். முதலில் உள்ளங்கை அளவு இருந்தது இப்போது தாம்பாளத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. நடுவில் எலும்பு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"தண்ணியில உள்ளதுக்கு இவ்ளோ தடிச்ச எலும்பா? எனக்கு வேணாம்க்கா. அறுத்தது யாரு, என்னன்னு தெரியாது. தப்பா நெனக்காத."

மக்தலேனா தப்பாக நினைக்கவில்லை, அவரவர் வேதம் அவரவருக்கு. ஊறிய தண்ணீரை எடுத்துப் பின்படியில் நின்று ஓடைக்குள் கொட்டினாள். தண்ணீர் தாம்பாளத்திலிருந்து சுலபமாக விழவில்லை. எண்ணெயைப் போல மெல்ல, ஒரு கனத்தோடு இறங்கியது. மறுபடி புதுத் தண்ணீர் விட்டாள். அதையும் கொட்டினாள். மூன்று முறை கழுவினாள்.

புளி கரைத்து, மிளகாய் அரைத்து, மீன் குழம்பு வைப்பதுபோலவே வைத்தாள். கொதிக்கும்போது சேற்று வாடை போய், அதிகம் பழுத்த ஏதோ காட்டுப் பழத்தின் வாசனை வீடு முழுக்க எழுந்தது. வெறும் வயிற்றுக்கு அது மயக்கம் தந்தது. ஆனாலும் ஒருசந்தி ஒருசந்திதான். உப்புப் பார்க்கக்கூட அவள் நாக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

"ராஜி, இங்க வா. உப்புப் பாரு."

இராஜகுமாரி கரண்டியை நக்கினாள். இன்னொரு கரண்டி கேட்டாள்.

"மீன் மாதிரியும் இல்ல, கறி மாதிரியும் இல்லம்மா. நல்லாருக்கு."

மத்தியானம் அவள் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். மக்தலேனா எதிரே உட்கார்ந்து, பிள்ளை வயிறார உண்பதைப் பார்த்துத் தன் பசியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஏற்றம் வரவேண்டும். வந்தது, பாதி ஓடை நிரம்பியது. அப்புறம் நின்றுவிட்டது.

மக்தலேனா பாத்திரம் கழுவப் பின்படிக்கு வந்தபோதுதான் கவனித்தாள். ஒரு வாழைத்தண்டு ஓடை நடுவே மிதந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா நிற்பது உண்டு. டாலாக்காரர்களுக்கு அது தெரியும். ஆனால் அரை மணி ஆகியும் வாழைத்தண்டு அங்கேயே இருந்தது. மேலே ஒரு கொசுகூட இல்லை.

ஹமீதுன்னிசாவின் வாத்துகள் வரிசையாகக் கரையேறி, அவள் வீட்டுக்கும் போகாமல், ரோட்டைப் பார்த்து நடந்தன. அவற்றின் பின்னால் உடும்புகள். ஒன்று, இரண்டு, ஏழெட்டு. பட்டப்பகலில், மனுஷர் காலுக்கு நடுவே, ஒன்றையும் சட்டை செய்யாமல் ஓடையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

தவளைச் சத்தம் இல்லை.

வீட்டின் அடியில் தண்ணீர் சளசளக்கும் சத்தமும் இல்லை.

ஐந்து மணிக்கு ஏசுரத்தினம் வந்தார். படகு நடு ஆற்றில் வெகு நேரம் நகராமல் கிடந்ததாக வாசலில் யாரிடமோ சொல்வது கேட்டது. படியேறி வந்தவர் மூன்றாம் படியில் நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. அவர் அலமாரியின் மேல் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"யார் சாப்பிட்டா?"

"நான் ஒருசந்திங்க. ராஜிதான்... ஏங்க, தண்ணியில உள்ளதுதானே? மாமிசம் இல்லையே?"

அவர் கூடத்துக்குள் போனார். இராஜகுமாரி கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மக்தலேனாவை அடுப்படிக்குள் இழுத்துப்போய், காதோரம் பேசினார்.

"பேசினா அதுக்குக் கேக்கும்னு சொல்லியிருந்தாங்க. இனிமே கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. மொக்கேலே ம்பெம்பேன்னு பேரு. ஆத்தை நிறுத்துறதுன்னு அர்த்தமாம். யானை அளவு ஒடம்பு, கம்பம் மாதிரி கழுத்து. ஒரு மீன்புடிக்கிற ஊர்ல வேலி கட்டி, ஈட்டியால ஒன்னைக் கொன்னுட்டாங்க. ஊரே விருந்து சாப்பிட்டுச்சு. என் தட்டுலயும் வச்சாங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. மாமிசம்னு நான் தள்ளிட்டேன்."

"அப்புறம்?"

"சாப்பிட்டவங்க ஒருத்தர் மிச்சமில்ல. ஒரு வாரம் போல ஒன்னும் தெரியாது. அப்புறம் தாகம்னு சொல்லுவாங்க. எவ்வளவு குடிச்சாலும் அடங்காது. அப்புறம் அவங்களே எழுந்து ஆத்துக்குள்ள நடந்து போவாங்க. புடிச்சுக் கட்டினா, அது வந்து கூட்டிட்டுப் போகும்." அவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். "கடைசியா இருந்த கெழவன், சாப்பிடாதவன் நான் ஒருத்தன்னு மிச்சத் துண்டை என்கிட்ட குடுத்தான். எரிச்சுப் பாத்தேன், கருகவே இல்ல. நனையக் கூடாது, ஒரு துண்டு நனைஞ்சா அந்தத் தண்ணியில அது முழுசா வந்துரும், மழையே இல்லாத மண்ணுல பொதைச்சுருன்னான். அதுக்குத்தான் ரயிலைக் கேட்டேன்."

மக்தலேனா பின்படியைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று முறை கழுவிக் கொட்டிய தண்ணீர். ஒரே சட்டம், அதை மாமிசம் என்று அவர் தள்ளினார், பிழைத்தார். மாமிசமில்லை என்று இவள் சமைத்தாள். உப்புப் பாரு என்று பிள்ளையைக் கூப்பிட்டது இவள் வாய்தான். அந்த வாயில் ஒரு பருக்கைகூடப் படவில்லை.

"சட்டியில எவ்வளவு இருக்கு?" என்றார்.

"முக்கால் சட்டி."

"எடு. அதிகம் தின்னவனைத்தான் அது முதல்ல கூப்பிடும். அதுக்கு வயிறு நெறைஞ்சுதுன்னா ஒருவேளை திரும்பிப் போயிரும்."

"ஒருவேளையா?"

"ஒருவேளைதான், மகுதா."

அவள் சட்டியில் கை விட்டாள். தானும் தின்றால் பிள்ளையின் பங்கு குறையும் என்று அந்த நேரத்துப் புத்தி சொன்னது. அவர் கையைத் தட்டிவிட்டார்.

"நீயும் தின்னுட்டா ராஜிக்கு யாரு இருக்கா? நாளைக்கு விடிஞ்சதும் அவளைக் கூட்டிட்டு மிங்கலாடோன் போயிரு, இருதயம்மாள் வீட்டுக்கு. மேட்டு நெலம். ஆறு இல்ல, கொளம் இல்ல. ஒரு சொட்டு அவ மேல படாம கொண்டுபோ."

ஏசுரத்தினம் சிலுவை போட்டுக்கொண்டார். பிறந்த நாள் முதல் ஒரு வெள்ளிக்கிழமையும் மாமிசம் தொடாத மனிதர், சட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றார். கண்ணீர் குழம்பில் விழுந்தது. எலும்பைக்கூட விடாமல் கடித்து நொறுக்கினார். சட்டியை வழித்து நக்கிவிட்டு, கூடத்துக்குப் போய், தூங்கும் பிள்ளையைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பொழுது சாய்கிற நேரம். அவர் பின்படியில் இறங்கினார்.

மக்தலேனா ஜன்னல் இடுக்கில் நின்றாள். எதிர்க்கரைப் பக்கம் கவிழ்ந்த சம்பான் படகு ஒன்று கிடந்தது. காலையில் அங்கே சம்பான் ஏதும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு படகு கட்டுகிற கம்பம்.

கம்பம் வளைந்தது.

அதன் நுனியில் சின்னத் தலை ஒன்று இருந்தது. அது வீட்டைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இடுப்பளவு நடந்துவிட்ட மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறையும் திரும்பவில்லை. வாயைத் திறந்தபடியே, கழுத்துவரை, பிறகு நெற்றிவரை நடந்து போனார். ஒரு குமிழிகூட வரவில்லை. கவிழ்ந்த சம்பான் மெதுவாக அமிழ்ந்தது.

வாழைத்தண்டு நகர ஆரம்பித்தது. வீட்டுக்கு அடியில் தண்ணீர் சளசளத்தது. மக்தலேனா முகத்தை ஜன்னல் பலகையில் அழுத்தி, பிள்ளை விழித்துவிடாதபடி அழுதாள்.

சனிக்கிழமை காலை ஆறு வழக்கம்போல ஓடியது. ஹமீதுன்னிசா வந்தாள். மக்தலேனாவின் முகத்தைப் பார்த்தாள், மேசை மேல் விரிக்கும் எண்ணெய்த் துணியை உருவிக் கொடுத்தாள். அதில் இராஜகுமாரியைத் தலையோடு கால் மூடி, படகின் நடுவில், தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு மக்தலேனா அக்கரை சேர்ந்தாள்.

ஊர் முழுக்கத் தண்ணீர். வருஷத்துக்கு ஒருமுறை பர்மியர்கள் பழைய பாவத்தைக் கழுவுகிற நாட்கள். அந்த நாட்களில் தெருவில் வருகிறவரை நனைக்காமல் விட்டால் அது மரியாதையில்லை. மிங்கலாடோன் பஸ் தாமுவே கடைத்தெருவில் ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் பந்தல், மேளம், வாளியும் குழாயுமாகப் பிள்ளைகள். மக்தலேனா ஜன்னலுக்கு முதுகு காட்டி, பிள்ளையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் எல்லாரும் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தடித்த ஆள் ஒருவன் பீப்பாயிலிருந்து வாளி நிறைய மொண்டு, அவர்கள் ஜன்னலுக்கு நேராக வீசினான்.

தண்ணீர் வந்து சேரவில்லை.

ஜன்னலுக்கு ஒரு முழத்துக்கு முன்னால், கண்ணாடிப் பலகையைப் போல அது அந்தரத்தில் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு நேர் கீழாக அவன் காலடியிலேயே விழுந்தது. கூட்டம் அவனைக் கேலி செய்தது. அவனும் சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி வீசினான். அதுவும் நின்று, விழுந்தது. பக்கத்துப் பந்தலிலிருந்து குழாயைத் திருப்பினார்கள். குழாய்த் தண்ணீர் பாதி வழியில் அசையாமல் நின்றது.

மேளம் ஓய்ந்தது. ஒருவர் பின் ஒருவராக வாளிகளைக் கீழே வைத்தார்கள்.

எண்ணெய்த் துணிக்குள்ளிருந்து இராஜகுமாரி கேட்டாள். "அம்மா, எல்லாரையும் நனைக்கிறாங்க. நம்மள மட்டும் ஏன் நனைக்க மாட்டேங்கிறாங்க?"

மக்தலேனா துணியைச் சற்று விலக்கினாள். பிள்ளையின் உச்சியில் முத்தமிட்டாள். காய்ந்த உச்சி, முகத்தில் பூசிய தனகாப் பட்டைச் சாந்தின் வாசனை, அதற்கும் அடியில் மெல்லியதாக அந்தப் பழத்தின் வாசனை.

இருதயம்மாள் இராஜகுமாரியின் ஞானத்தாய், அவளுக்கு ஞானஸ்நானத்தில் கை கொடுத்தவள். தனிக்கட்டை. விமான நிலையத்துக்கு வடக்கே செம்மண் மேட்டில் அவள் வீடு. பொதுக்குழாய்கூட நூறு அடி தள்ளி இருந்தது. மக்தலேனா சொன்ன கதையை அவள் நம்பினாளோ இல்லையோ, புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வாதாடவில்லை. குளிக்க வேண்டாம் என்றால் சரி என்றாள். ஓடைப்பக்கமே போக வேண்டாம் என்றால் இங்கே ஏது ஓடை என்றாள்.

ஞாயிறு போனது, திங்கள் போனது. இராஜகுமாரி அப்பாவைக் கேட்டு அழுதாள், பிறகு இருதயம்மாளின் பூனையோடு விளையாடினாள். வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், மிச்சம் வைத்தாள். ஒவ்வொரு முறை மிச்சம் வைத்தபோதும் மக்தலேனா சுவர்ப்பக்கம் திரும்பி நன்றி சொன்னாள். பெரிய வெள்ளியன்று ஏழு நாள் ஆனது. அன்று முழுக்க அவள் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தண்ணீர் கேட்கவில்லை. சனிக்கிழமையும் கேட்கவில்லை.

முக்கால் சட்டி. அவர் முழுசாகத் தின்றார். அதற்கு வயிறு நிறைந்திருக்கும். எட்டு நாளில் முதல்முறையாக மக்தலேனா ஒரு கவளம் சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை ரயிலில் வறண்ட சீமைக்கே போய்விடலாம், அங்கே தையல் வேலை கிடைக்கும் என்று இருதயம்மாளிடம் பேசக்கூடச் செய்தாள்.

பாஸ்கா ஞாயிறு காலை. இருதயம்மாள் முதல் பூசைக்குப் போய்விட்டு, புதிதாக மந்திரித்த தீர்த்தம் ஒரு புட்டியில் வாங்கி வந்தாள். இராஜகுமாரி வெள்ளைக் கவுன் போட்டு, பாயில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் மடியில் விழுந்தது.

"அம்மா," என்றாள். "தாகமா இருக்கு."

மக்தலேனா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். காலை நேரம், வெயில், எல்லாப் பிள்ளைக்கும் தாகம் எடுக்கும். ஒரு டம்ளர் கொடுத்தாள். பிள்ளை மிச்சம் வைக்கவில்லை. இன்னொன்று கொடுத்தாள். மூன்றாவது. நான்காவதைக் கையில் வாங்கும்போது அவள் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை, டம்ளரை மட்டும் பார்த்தன. கூஜா காலியானது. சாடியில் பாதி காலியானது.

"இன்னும் தாகமா இருக்கும்மா."

"போதும் கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்க."

"தீர்த்தம் தெளிச்சா சரியாயிடும்," என்றாள் இருதயம்மாள். அவள் குரலில் உறுதி இல்லை. புட்டியின் தக்கையைப் பிடுங்கி, பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்து, பிதா சுதன் பேராலே என்று சொல்லிச் சாய்த்தாள்.

தண்ணீர் விழவில்லை.

இருதயம்மாள் புட்டியை இன்னும் சாய்த்தாள். தலைகீழாகவே கவிழ்த்தாள். தீர்த்தம் புட்டிக்குள் அசையாமல் நின்றது. அவள் புட்டியை உலுக்கினாள், தண்ணீர் குலுங்கவில்லை. வெளியே பொதுக்குழாயடியில் பெண்கள் ஏதோ சத்தமாகக் கேட்டுக்கொண்டார்கள். குழாய் நின்றுபோச்சு என்று பர்மியில் ஒருத்தி சொன்னாள். பிறகு அந்தப் பேச்சும் அடங்கியது.

பழுத்த பழத்தின் வாசனை அறைக்குள் வந்தது.

மக்தலேனா கதவைத் தாழிட்டாள். ஓடிவந்து பிள்ளையை வாரிக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. ஆனால் அவளுடைய பிடி அந்த உடம்பில் நிற்கவில்லை. இராஜகுமாரி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக, கோபமில்லாமல், எடுத்து விட்டாள். மூலையில் கிடந்த செருப்பைத் தேடி எடுத்தாள். குனிந்து, முதலில் இடது காலில், பிறகு வலது காலில் மாட்டிக்கொண்டாள்.

ஆறு மாதமாக மழையைக் காணாத செம்மண் வாசலில், சேற்றுக்குள் ஒரு கனத்த காலை வைத்து எடுக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அடுத்த கால்.